தேதி இல்லாத பில்

மார்ச் 4

தம்பிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் கடைசிவரை படி. மூன்று வருடமாக நாம் பேசவில்லை. இப்போதும் பேச வேண்டாம். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும், என் குரலைக் கேட்டால் நீ வைத்துவிடுவாய். எழுதினால் போதும்.

வருமான வரி அலுவலகத்திலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. அப்பா நம் இருவர் பெயரிலும் வைத்துவிட்டுப் போன வீட்டை விற்றோமே, அந்தப் பணம் மொத்தமும் என் வங்கிக் கணக்கில்தானே விழுந்தது? இதை ஏன் வருமானமாகக் காட்டவில்லை, ஏப்ரல் மூன்றாம் தேதிக்குள் பதில் சொல் என்று கேட்கிறார்கள். பதில் இல்லையென்றால் வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து ஒரு தொகை போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்த மறந்துபோனேன். ஒரு வாடிக்கையாளருடைய லென்ஸ் பாழ். இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

உன் கையெழுத்து ஒரு தடவை போட்டதுபோல மறு தடவை இருக்காது என்பதால்தான் நம் வீட்டுக் காசோலை எல்லாம் என் பெயரில் வரும். அம்மா காலத்துப் பழக்கம். அது இப்படி என் தலையில் விடியும் என்று யார் கண்டது? வரி கட்ட வேண்டுமா என்று பக்கத்துக் கைக்கடிகாரக் கடைக்காரரிடம் அப்போதே கேட்டேன். "வீடு வித்த காசு சம்பளமா என்ன? அதுக்கெல்லாம் வரி கிடையாதும்மா" என்றார். நம்பிவிட்டேன். வரி தெரிந்த ஒரே ஆளோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லையே, என்ன செய்வது.

நம் கடை இருக்கும் கட்டடத்தை அதன் சொந்தக்காரர் விற்கிறார். மே மாதம் முடிவதற்குள் நான் வாங்கினால் எனக்கு. இல்லையென்றால் ஒரு பெரிய செருப்புக் கம்பெனிக்கு. வாங்குவதற்குப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். நோட்டீஸில் கேட்கும் தொகையும் நான் சேர்த்த தொகையும் ஏறக்குறைய ஒன்று. வரி கட்டினால் கடை இல்லை.

உன் கட்டணம் என்னவோ அதைச் சொல். தள்ளுபடி வேண்டாம்.

அக்கா


மார்ச் 8

மதிப்பிற்குரிய கண்ணாடிக்கடை உரிமையாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மற்ற வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதையே தங்களுக்கும் சொல்கிறேன்.

நோட்டீஸ் என்பது கேள்வி, தண்டனை அல்ல. பலர் பயத்தில் அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் அது தண்டனையாகிறது. கெடு தேதிக்கு ஒரு நாள் முன்பாவது பதில் அங்கே போய்ச் சேர வேண்டும், சேர்ந்ததற்கு ரசீது வாங்க வேண்டும். "ஆளைத் தெரியும், முடித்துத் தருகிறேன்" என்று யாராவது வந்தால் நம்ப வேண்டாம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவே வேண்டாம்.

வீட்டுப் பத்திரம், அப்பா வாங்கிய விலைக்கான ஆதாரம், விற்ற பத்திரம், அந்த வருடத்து வங்கிக் கணக்கு, வீட்டுக்காகச் செய்த செலவுகளின் பில்கள் ஆகியவற்றின் நகல்களை அனுப்பவும். அசல் தங்களிடமே இருக்கட்டும்.

கட்டணம் வேலை முடிந்த பிறகு.

இப்படிக்கு,
வரி ஆலோசகர்

பின்குறிப்பு: அத்தானுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது?


மார்ச் 12

மதிப்பிற்குரிய வரி ஆலோசகர் அவர்களுக்கு,

தாங்கள் மூன்றாம் வகுப்பில் பென்சிலை மூக்கில் விட்டுக்கொண்டபோது சாமணம் வைத்து எடுத்தது அடியேன்தான் என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன். "தாங்கள்" என்று இன்னொரு கடிதம் வந்தால் அந்தக் கதையை எழுதி உன் அலுவலகத்து வாசலில் ஒட்டுவேன்.

நீ எச்சரித்த ஆள் நிஜமாகவே வந்தான். வாசனைத் திரவியம் மணக்க, கையில் இரண்டு போனோடு.

"நோட்டீஸ் வந்திருக்காமே அக்கா? நமக்கு உள்ள ஆள் இருக்கு. பாதி கொடுங்க, ஃபைலே காணாம போயிடும்."

"காணாம போன ஃபைல் திரும்பி வந்தா?"

"அப்ப மறுபடியும் பார்த்துக்கலாம்."

"தம்பி, நீங்க போட்டிருக்கிற கூலிங் கிளாஸ் போலி. வெயில்ல கண்ணுக்குக் கெடுதல். நல்லதா ஒண்ணு காட்டட்டுமா?" என்றேன். போய்விட்டான். என்னிடம் பணம் பறிக்க வந்தவனிடமே நான் வியாபாரம் பேசினேன் என்று உன் அத்தான் சிரித்துச் சிரித்து முட்டி வலியை மறந்துவிட்டார். வலி பரவாயில்லை. படிக்கட்டுதான் ஆகவில்லை.

பார்சலில் பதினான்கு கண்ணாடிக்கூடு வரும். பயப்படாதே. நான் ரசீதுகளைக் கூட்டில்தான் போட்டு வைப்பேன், மாதத்துக்கு ஒன்று. மூடி டப் என்று மூடிக்கொள்ளும், காற்றில் பறக்காது, எலி கடிக்காது. நகல் எடுக்கச் சொன்னாய். கடையைப் பூட்டிவிட்டு நகல் எடுக்க நேரமில்லை. அசலே வருகிறது. சிவப்புக் கூட்டில் கூரைக்காரர் பில் இருக்கிறது. எது என்று உனக்கே தெரியும்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

கூடுகள் வந்தன. என் மேஜையைப் பார்த்துவிட்டு ஒருவர், "சார், கண்ணாடி வியாபாரமும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். வீடு விற்ற விலையை நூறு என்று வைத்துக்கொள். அலுவலகம் உன் கணக்கில் நூறு விழுந்ததைப் பார்த்தது, நூறுக்கும் வரி கேட்கிறது. அவர்கள் பக்கத்தில் தப்பில்லை, நீ வேறு எதுவும் சொல்லவில்லையே. ஆனால் வரி விற்ற விலைக்கு இல்லை, லாபத்துக்கு. அப்பா வாங்கிய விலை, மற்ற செலவுகளோடு நாற்பது. ஆக லாபம் அறுபது. வீடு இருவர் பெயரில் இருந்தது. பணம் யார் கணக்கில் விழுந்தால் என்ன, லாபம் ஆளுக்குப் பாதி. உனக்கு முப்பது. நூறு எங்கே, முப்பது எங்கே? தாமதத்துக்கு வட்டி கட்டத்தான் வேண்டும், அதிலிருந்து தப்ப முடியாது. ஆனால் முழுத் தொகை இல்லை.

கூரைச் செலவையும் கழிக்க முடிந்தால் இன்னும் குறையும். அது இருபது. லாபம் நாற்பதாகும், உன் பங்கு இருபதாகும். விற்பதற்கு முன்னால் வீட்டின் கூரையை மாற்றியதற்கான ஆதாரம் இருந்தால் போதும்.

ஆனால் அக்கா, மூன்று வருடத்துக்கு முன் சொன்னதையே இப்போதும் சொல்ல வேண்டியிருக்கிறது. பில்லில் தேதி இல்லை. தேதி இல்லாத பில்லை எந்த அதிகாரியும் ஏற்க மாட்டார். அன்றைக்கு நீ, கூரைக்கு உன் கையிலிருந்து போட்டது என்று அந்த இருபதைக் கழித்துக்கொண்டு மீதியில் பாதியை எனக்கு அனுப்பினாய். இப்படி ஒரு பில்லை வைத்து எப்படிக் கழிக்கலாம் என்று கேட்டேன். கேட்டது தப்பா? எல்லார் முன்னாலும் கேட்டது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். கேள்வி தப்பில்லை.

பாதி உன்னுடையது என்றால் மீதிப் பாதி யாருடையது என்றும் கேட்பார்கள். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தோடு. இரண்டாம் தடவை இன்னும் கோபத்தோடு. மூன்றாம் தடவை கடைக்காரியாக.

நீ எழுதியதை விடு. எழுதிய விதத்தைப் பார்க்கிறேன். முன்பெல்லாம் ஒரு பக்கத்துக்கு இருபத்தாறு வரி எழுதுவாய், இதில் பதினேழு. இரண்டு இடத்தில் கோட்டுக்கு மேலே எழுதிவிட்டுக் கோடு எங்கே என்று தேடியிருக்கிறாய். அன்றைக்கு என் வீட்டில் எல்லார் முன்னாலும் அந்தப் பில்லை நீ எப்படிப் பிடித்தாய் என்று இப்போது ஞாபகம் வருகிறது. கையை முழுசாக நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, வெளிச்சத்துக்குத் திருப்பி. நான் அப்போது அழுகிற அவசரத்தில் இருந்ததால் கவனிக்கவில்லை. என்னுடைய கடைக்குள் யாராவது அப்படிப் பிடித்திருந்தால் உட்காரவைத்துக் கண் பார்க்கும் எழுத்து அட்டையை எதிரில் மாட்டியிருப்பேன்.

உனக்கு வெள்ளெழுத்து, தம்பி. நாற்பத்து மூன்று வயதில் வந்திருக்கிறது. இப்போது நாற்பத்தாறு. கண்ணாடிக்கடைக்காரியின் தம்பி, ஒரு ஜோடி கண்ணாடி போட்டுக்கொள்ள வெட்கம். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பிழைக்கிறாய், சரிதானே? பொய் சொல்லாதே.

பார்சலில் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறேன். குத்துமதிப்பான பவர்தான், ஆனால் என் குத்துமதிப்பு தப்பாது. போட்டுக்கொள். சிவப்புக் கூட்டைத் திற. பில்லின் வலது ஓரம், கடைசி வரிக்குக் கீழே, ஊதா மையில் வைத்த முத்திரை. பொடி எழுத்து. படி.

படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் எழுது.

அக்கா


மார்ச் 23

அக்கா,

தேதி இருக்கிறது.

வீடு விற்பதற்கு ஏழு மாதத்துக்கு முன்பு. கூரைக்காரர் பெயர், வீட்டு எண், ஓடு எத்தனை, மரம் எத்தனை, எல்லாம் இருக்கிறது. மூன்று வருடமாக இருந்திருக்கிறது. கண்ணாடியைக் கழற்றினேன், காணவில்லை. போட்டேன், இருந்தது. நாலைந்து தடவை செய்து பார்த்தேன். என் மனைவி வந்து, "என்ன, கண்ணாடியோட விளையாடறீங்க?" என்று கேட்டாள். விளையாடவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

உன்னைப் பொய்க்காரி என்று சொன்னேன். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் "படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்" என்று சொல்கிறவன், படிக்காமல் தீர்ப்புச் சொன்னேன். மன்னித்துவிடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் போன தடவை எழுதவில்லை. நீ அனுப்பிய பங்கை நான் தொடவே இல்லை. தொட்டால் உன் கணக்கை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வீம்பு. அது அப்படியே வங்கியில் கிடக்கிறது. தொடாத பணம் என் பணம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, என் வரிக்கணக்கில் அதைக் காட்டவே இல்லை. வேறு யாராவது இப்படி ஒரு காரணம் சொல்லிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தால் கேலி செய்தே துரத்தியிருப்பேன்.

இப்போது பாதி லாபம் உன்னுடையது என்று சொன்னால், அடுத்த நோட்டீஸ் வரி ஆலோசகர் வீட்டுக்கு.

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

பக்கத்துக்கு இருபத்தெட்டு வரி எழுதியிருக்கிறாய். பவர் சரி.

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். ஒரு அம்மாள் ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா அழறீங்க?" என்றார். "தம்பிக்குக் கண்ணு தெரிஞ்சிடுச்சு" என்றேன். ஆபரேஷன் என்று நினைத்து எனக்கு வாழ்த்துச் சொன்னார். நானும் வாங்கிக்கொண்டேன்.

மன்னிப்பெல்லாம் அப்புறம், உன்னை ஒரு மாதமாவது கிண்டல் செய்துவிட்டுத் தருகிறேன். இப்போது நான் சொல்வதைக் கேள். உன்னை நம்பித்தான் அத்தனை பேர் வரிக்கணக்கைக் கொடுக்கிறார்கள். உன் பெயரிலேயே ஒரு பிசகு என்று வெளியே தெரிந்தால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பாய்? உனக்கு இரண்டு பிள்ளைகள். எல்லாம் என் பெயரிலேயே போகட்டும். மொத்தப் பணமும் என்னுடையது என்று எழுதிவிடு. கட்டிவிடுகிறேன். கடை போனால் வேறு தெருவில் ஒரு சின்ன இடம் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு மெஷின் ஒன்று, அட்டை ஒன்று இருந்தால் போதும்.

இதைப் பெருந்தன்மை என்று நினைக்காதே. மூன்று வருடம் தம்பி இல்லாமல் இருந்து பார்த்துவிட்டேன், நன்றாகவே இல்லை.

அக்கா


மார்ச் 28

அக்கா,

நீ சொன்னதைக் கேட்க மாட்டேன். கேட்கவும் முடியாது, நேற்றே முடித்துவிட்டேன்.

வங்கிக்குப் போய், தொடாத பணத்தைத் தொட்டேன். என் பங்கு லாபத்தைக் காட்டி, அந்த வருடத்துக் கணக்கைத் திருத்தி, வரியும் வட்டியும் அபராதமும் கட்டி ரசீது வாங்கிவிட்டேன். அவர்கள் வந்து கேட்பதற்கு முன் நாமே போய்ச் சொன்னால் அபராதம் குறைவு என்று இருபது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நிஜமாகவே குறைவுதான். என் வாடிக்கையாளர்கள் சிலரிடம் நானே சொல்லிவிட்டேன். மருந்துக்கடைக்காரர் யோசித்துவிட்டு, "அப்ப எங்க வாடகை வருமானத்தையும் காட்டிடலாமா சார்?" என்று கேட்டார். அவருக்கு வாடகை வருமானம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

உன் பதில் இத்துடன் இருக்கிறது. நிதானமாகப் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடு. புரியாத வரி இருந்தால் போடாதே, எனக்கு எழுது. விற்ற பத்திரத்தில் இரண்டு பெயர், நீ எனக்கு அனுப்பிய வங்கிப் பதிவு, நான் கட்டிய ரசீது, கூரை பில், அந்த வாரம் நீ பணம் எடுத்ததைக் காட்டும் வங்கித் தாள், எல்லாவற்றுக்கும் எண் போட்டிருக்கிறேன். கூரைக்காரர் இன்னும் தொழிலில் இருக்கிறாரா? இருந்தால் வேலை செய்தது உண்மை என்று ஒரு கடிதம் வாங்கிச் சேர்த்துவிடு. எல்லாம் நகல். அசலையும் கூடுகளோடு திருப்பி அனுப்புகிறேன், கையில் வைத்துக்கொள், கேட்டால் காட்டு.

விசாரணைக்குக் கூப்பிட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல். இதுதான் உனக்குக் கஷ்டம் என்று தெரியும். தெரியாததைத் தெரியாது என்று சொல். கைக்கடிகாரக்காரர் சொன்னதையும் மறைக்காதே. அழாதே. யாருக்கும் கண் பரிசோதனை செய்யாதே.

தம்பி


ஏப்ரல் 29

தம்பிக்கு,

பதில் கெடுவுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது, இன்று விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், போய் வந்தேன். எல்லாம் சொல்கிறேன், உட்கார்ந்துகொள்.

மூன்றாவது மாடி, நீளமான அறை, ஜன்னலோரம் ஃபைல் அடுக்கு. அதிகாரி சின்ன வயசுப் பெண். கண்ணாடி மூக்கில் நிற்கவே இல்லை, நிமிடத்துக்கு இரண்டு தடவை வழிந்தது. அதன் இடது காம்பில் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது, வாசலிலிருந்தே பார்த்துவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்திரம் பார்த்தார். வங்கித் தாள் பார்த்தார். உன் ரசீதைப் பார்த்துவிட்டு, "இவர் உங்க தம்பியா? அவரே வந்து கட்டியிருக்காரே" என்றார். "ஆமாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், தம்பி! ஒரே வார்த்தை!

கடைசியில் கூரை பில். கையில் எடுத்தார், திருப்பினார், முகம் சுருங்கியது.

"இதுல தேதி இல்லையேம்மா."

 எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன். பையிலிருந்து அசலையும் லென்ஸ் ஒன்றையும் எடுத்து வைத்தேன். "வலது ஓரம் பாருங்க மேடம். கடைசி வரிக்குக் கீழே."

பார்த்தார். கூரைக்காரர் கொடுத்த கடிதத்தைப் பார்த்தார். ஓடுகளின் எண்ணிக்கையோடு எழுதிக் கொடுத்திருந்தார் மனிதர், "அந்த வீட்டுல ஏணியிலிருந்து விழுந்தேன், மறக்குமா" என்று ஒரு வரியும் சேர்த்து. அதிகாரி அதைப் படித்துச் சிரித்துவிட்டார்.

"சரிம்மா. தம்பி பங்கை அவர் கட்டிட்டார். உங்க பங்குக்கு மட்டும் கட்டினா போதும். ஆர்டர் தபால்ல வரும். இனிமே வீடு, நிலம் எது வித்தாலும் அந்த வருஷமே கணக்குல சொல்லிடுங்க."

"சொல்லிடறேன் மேடம். கடிகாரக்காரரைக் கேக்க மாட்டேன்."

எழுந்து கதவுவரை வந்துவிட்டேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. திரும்பி, "அந்த இடது பக்க ஸ்க்ரூவை இறுக்கிக்கோங்க மேடம், எந்தக் கடையிலும் காசு வாங்காம செஞ்சு கொடுப்பாங்க" என்றேன். வேலை முடிந்த பிறகுதான் சொன்னேன், அது கணக்கில் வராது.

படியில் இறங்கும்போது கால் தரையில் படவில்லை. ஐந்தில் ஒரு பங்குதான், தம்பி! அவர்கள் கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கு! உன் அத்தான் கீழே ஆட்டோவில் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் படிக்கட்டில் இரண்டு படி ஏறியே வந்துவிட்டார்.

அக்கா


மே 14

அக்கா,

உத்தரவின் நகலைப் படித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல். நீ சொன்ன தொகை சரி. கெடு தேதிக்கு முன் கட்டிவிடு, ரசீதைக் கூட்டில் போடு. எந்தக் கூடு என்று எனக்கும் எழுது.

கடை வாங்க எவ்வளவு குறைகிறது? வரி கட்டினால் கொஞ்சம் இடிக்கும் என்று எனக்குத் தெரியும், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். என் வங்கியில் மிச்சம் இருக்கும் பணம் உன் கணக்குக்கு இன்று காலை வந்திருக்கும். கடன் இல்லை, இனாமும் இல்லை. கட்டடத்தில் அந்த அளவுக்கு என் பங்கு, பத்திரத்தில் என் பெயரும் வரட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. வாடகை வந்தால் அவரவர் பங்கை அவரவர் கணக்கில் காட்ட வேண்டும்!

நீ கட்டணம் கேட்டாயே. வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒன்று, சரியான பவரில், நல்ல ஃபிரேமில். பத்திரத்துக்குக் கையெழுத்துப் போட வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி


மே 30

தம்பிக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்த கையோடு இந்தக் கடிதமும் வந்து சேரும்.

பத்திரத்தில் நீ போட்ட கையெழுத்து இந்தத் தடவை எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று பதிவாளர் சொன்னார். கண்ணாடி போட்டதும் கையெழுத்தும் ஒழுங்குக்கு வந்துவிட்டது போல. பெயர்ப்பலகை எழுதுகிறவர் காலையில் வந்தார். செருப்புக் கம்பெனி ஆட்கள் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நான் கை காட்டினேன். அவர்களும் காட்டினார்கள், பாவம்.

இருபத்திரண்டு வருடம் வாடகைக்கு இருந்த கடையில், சொந்தக் கடையான முதல் நாள் முதல் ஆளாக நீ நாற்காலியில் உட்கார்ந்து அட்டையின் கடைசி வரிவரை படித்தாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், நான் லென்ஸ் துடைக்கப் போய்விட்டேன். மன்னித்துவிட்டேன். கிண்டல் மட்டும் தொடரும்.

கண்ணாடிக்கான பில்லை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கட்டணத்தில் கழித்தாகிவிட்டது, இருந்தாலும் பில் பில்தான், பத்திரமாக வைத்துக்கொள். தேதியைப் பெயர்ப்பலகைக்காரரிடம் கொடுத்து, அவருடைய தூரிகையால், அரைப் பக்கத்துக்கு எழுதச் சொன்னேன்.

கண்ணாடி இல்லாமலே தெரியும்.

அக்கா